அந்தப் பிள்ளை கன்றுக்குட்டியோடு பேசுகிறது என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள சகாயம்,

'சிஸ்டர்' என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை அப்படிக் கூப்பிடக் கை வரவில்லை. மற்றவர்களுக்கு நீ சிஸ்டராக இரு, எனக்கு சகாயமாகவே இரு.

மாதா திருவிழா நல்லபடியாக முடிந்தது. ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா கோயிலில் நிற்க இடமில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கிருந்தே முழுப் பூசையும் கண்டார்கள். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் பதினொன்றாம் வகுப்பு. அவர் எப்போதும் போல உப்பளம், லாரி, கணக்கு என்று அலைகிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. எங்கள் செய்தி இவ்வளவுதான்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நவகன்னியர் பொறுப்பு, அதாவது மடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற வேலை, உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. நம் காலத்தில் ஒரு பேட்ச்சில் பதினான்கு பேர் இருந்தோம். இந்த வருஷம் உன்னிடம் மூன்றே பேர். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், ஜார்கண்டில் கும்லா பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை. மடத்தில் மற்ற எல்லோரும் அறுபது தாண்டிய சிஸ்டர்கள். எதைக் கேட்டாலும் அந்தப் பிள்ளை 'ஆமா சிஸ்டர்' என்று மட்டும் சொல்கிறது, சாயங்காலமானால் மாட்டுக்கொட்டிலில் கன்றுக்குட்டியிடம் தன் பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். 'இதை, துறவுக்குக் கடவுளின் அழைத்தல் இல்லாததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்வதா? நீ என்ன நினைக்கிறாய்?' என்றும் கேட்டிருந்தாய்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாம் நவகன்னியராக இருந்த நொவிசியேட்டில் நான் இரவுக் குளியலை எப்போதும் கடைசியாகப் போடுவேன், உனக்கு நினைவிருக்கும். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது, அதுதான் காரணம். குழாயைத் திறந்துவிட்டு எங்கள் ஆச்சியிடம் பேசுவேன். 'ஆச்சி, இன்னைக்குப் புளிக்குழம்பு. ஆச்சி, கைல கொப்புளம்.' இப்படித்தான், பெரிதாக ஒன்றும் இருக்காது. இரவு ஜெபம் முடிந்தால் மறுநாள் காலைச் சாப்பாடு வரை பெரிய மௌனம் அல்லவா? அந்த ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதனால் அந்தக் கன்றுக்குட்டி விஷயம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. குழாய்த் தண்ணீருக்குப் பதில் கன்றுக்குட்டி, அவ்வளவுதான்.

நாம் இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம் என்பதே அங்கே ஒரு குற்றமாகப் போனது. முதல் மாதத்திலேயே உன்னைச் சமையலறைக்கும் என்னைத் தோட்டத்துக்கும் பிரித்துவிட்டார்கள். ஒருநாள் அரிசியில் கல் பொறுக்க இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். நீ கல் பொறுக்குகிற சாக்கில் ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டை முறத்தின் ஓரத்தில் என் பக்கம் தள்ளினாய். நான் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் நமக்குத் தனித்தனியாக வகுப்பு நடந்தது. 'பர்டிகுலர் ஃபிரெண்ட்ஷிப்', அதாவது இருவர் மட்டும் ஒட்டிக்கொள்கிற தனி நட்பு, என்ற வார்த்தையை நான் முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதன் பின்னால் என்ன சந்தேகம் இருக்கிறது என்பதுகூட அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. குருமடங்களில் லத்தீனில் ஒரு சொல் உண்டு: 'ராரோ ஊனுஸ், நும்குவாம் துவோ, செம்பர் த்ரேஸ்'. தனியாக இருப்பது அபூர்வமாக இருக்கட்டும், இருவராக ஒருபோதும் வேண்டாம், எப்போதும் மூவராக இருங்கள் என்று அர்த்தம். பதினெட்டு வயதுப் பிள்ளை மனசில் உள்ளதை மூன்று பேர் முன்னால் சொல்லுமா, சகாயம்? ஒருத்தரிடம்தான் சொல்லும். அந்த ஒருத்தரையும் எடுத்துவிட்டால் அப்புறம் தண்ணீரிடம் பேசும், மாட்டிடம் பேசும்.

அப்போது நமக்குச் சிறுமலர் தெரேசம்மாளைத்தான் உதாரணம் காட்டினார்கள். 1888 ஏப்ரலில், பதினைந்து வயதில் லிசியே கார்மேல் மடத்துக்குப் போனவர். கூடப்பிறந்த அக்காமார் இருவர் ஏற்கெனவே உள்ளே இருந்தும் அவர்களைத் தேடிப் போகாமல் தன்னை அடக்கிக்கொண்டார் என்று சொன்னார்கள். அது உண்மைதான். மீதிக் கதையை நமக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பனிக்கால இரவில் சகோதரிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது தெரேசம்மாள் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் மூத்த அக்கா, 'இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள்' என்று, அப்போது மடத்துத் தலைவியாக இருந்த இன்னொரு அக்காவிடம் சொன்னார். தெரேசம்மாள் எழுதியது அப்படித்தான் பிறந்தது. அக்கா தங்கைகள் அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேச்சு அது. அந்தப் பேச்சு இல்லையென்றால் நமக்குச் சிறுமலரே கிடைத்திருக்க மாட்டார்.

இவருக்கு முந்திய இன்னொரு புனிதை, ஸ்பெயினின் அவிலா தெரேசம்மாளும் அப்படித்தான். ஒரே மடத்தில் இருவர் மட்டும் ஒட்டிக்கொண்டு திரிவதை அவர் கண்டித்தது உண்மை. அந்த வரிகளைத்தான் நமக்கு வாசித்துக் காட்டினார்கள். அதே அம்மாள்தான், ஜெபத்தில் புதிதாகக் காலெடுத்து வைக்கிறவர்கள் அதே வழியில் போகிறவர்களின் நட்பைத் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். 1562இல் தொடங்கிய தன் சின்ன மடத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடிப் பேசிச் சிரிக்க என்றே நேரம் ஒதுக்கினார். அத்தனை கடுமையான மடத்திலும் அந்த நேரம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மௌனமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காலை ஐந்தரை மணித் தியானம் இன்றைக்கும் எனக்குப் பழக்கம். வீட்டில் எல்லோரும் எழும்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அது மடம் எனக்குக் கொடுத்த சொத்து. ஆனால் அந்த மௌனம் முடிந்ததும் கதவைத் திறந்தால் யாராவது இருக்கிறார்கள். அங்கே மௌனம் முடிந்த பிறகும் யாரும் இல்லை.

ஆச்சி இறந்தது 1996 பிப்ரவரி. அது உனக்குத் தெரியும். எனக்கு எப்போது சொன்னார்கள் என்பது தெரியாது. அடக்கம் முடிந்து நான்காம் நாள், ரிக்ரியேஷன் முடிந்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்பா போன் பண்ணியிருக்கிறார். 'நொவிசியேட் வருஷத்தில் வெளியே போனால் வருஷமே செல்லாது' என்று பதில் சொல்லிவிட்டார்களாம். அப்பாவும் நம்பிவிட்டார், நானும் நம்பினேன். வெகு காலம் கழித்து எங்கள் பங்கு ஃபாதரிடம் இருந்த திருச்சபைச் சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 1983ஆம் வருஷச் சட்டம், எண் 649. மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் நொவிசியேட் செல்லாது. பதினைந்து நாளுக்கு மேல் போனால் அந்த நாட்களை ஈடுகட்டினால் போதும். இரண்டு நாள் போய் ஆச்சி முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். சட்டம் இடம் கொடுத்தது, மனுஷர்கள் கொடுக்கவில்லை. யார் மீதும் இப்போது எனக்குக் கோபமில்லை. ஆனால் உன் கையில் இருக்கிற மூன்று பிள்ளைகளில் யாருக்காவது இப்படி ஒரு செய்தி வந்தால், தயவுசெய்து அன்றைக்கே சொல். அன்றைக்கே பஸ் ஏற்றிவிடு.

நான் கிளம்பிய நாளும் உனக்கு நினைவிருக்கும். துறவு வாக்குறுதி கொடுக்கிற வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்கள். விடிகாலை நாலரை மணிக்கு நீங்கள் எல்லோரும் எழும்பும் முன் என்னைக் கேட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நீ எழுந்து பார்த்தபோது என் பாய் சுருட்டி வைத்திருந்தது என்று பின்னால் எழுதினாய். ஊருக்கு வந்தால் 'மடத்தை விட்டு வந்தவள்' என்று பெயர். கூட இருந்த பதிமூன்று பேரில் ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத விட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது புரிகிறது. ஏழு வருஷம் கழித்து உன் முதல் கடிதம் வந்த அன்று, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

கும்லா பக்கம் என்றால் வீட்டில் குருக் பேசுவார்களோ கரியா பேசுவார்களோ, ஊருக்குள் சாத்ரி பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தி. இங்கே வந்தால் ஜெபம் தமிழில், வகுப்பு இங்கிலீஷும் தமிழும் கலந்து, கிண்டல் கேலி எல்லாம் முழுத் தமிழில். மற்ற இரண்டு பிள்ளைகளும் சிரிக்கும்போது இந்தப் பிள்ளை என்ன செய்யும்? சேர்ந்து சிரிக்கப் பழகியிருக்கும். 'ஆமா சிஸ்டர்' என்பதும் அப்படித்தான். பணிவு என்று மற்றவர்கள் அதைப் பாராட்டுவார்கள், நீ பாராட்டாதே. வேறு வார்த்தை கைவசம் இல்லாததால் அதைச் சொல்கிறது.

நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றிக் அடிகளார் முதலில் தமிழ் படித்தார், 1578இல் தமிழிலேயே புத்தகம் அச்சிட்டார். அந்தப் பிள்ளையின் சோட்டாநாக்பூருக்கு 1885இல் போன பெல்ஜியம் நாட்டு லீவன்ஸ் அடிகளாரும் முதலில் முண்டாரி படித்தார். நமக்கு வேதம் சொல்ல வந்தவர்கள் நம் பாஷையைப் படித்தார்கள். நம்மோடு வாழ வந்த பிள்ளையிடம் நாம் பத்து வார்த்தை படிக்கக் கூடாதா? அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் 'ஜோஹார்' என்று வணக்கம் சொல்வார்கள். நாளைக் காலையில் நீ முதலில் சொல்லிப் பார். அறுபது தாண்டிய சிஸ்டர்களையும் சொல்லச் சொல். கிழவிகளுக்கும் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஆபீஸ் போனில் வீட்டோடு பேசலாம் என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்களா? இருந்தால் எழுந்து வெளியே போகச் சொல். அந்த நேரத்தில் அவள் அம்மா வயலில் இருந்தால், டவர் கிடைக்காத இடத்தில் இருந்தால், அந்த வாரம் போனதுதானா? இரவு எட்டு மணிக்கு இன்னொரு தடவை முயற்சி செய்ய விடு. உங்கள் சபையில் அந்தப் பக்கத்துச் சிஸ்டர் யாராவது, எந்த மடத்தில் இருந்தாலும் சரி, மாதம் ஒரு நாள் வந்து இரண்டு மணி நேரம் அவளோடு அவள் பாஷையில் பேசட்டும். என்ன பேசினார்கள் என்று நீ கேட்காதே.

இன்னொன்று, எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பேச ஆளில்லாத பிள்ளைக்கு யாராவது ஒரு தப்பு செய்தால், அது யாரிடம் போய்ச் சொல்லும்? புகார் சொல்ல ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழி இருக்க வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் சட்டம் போட்டார். வழி இருக்கலாம். அந்த வழிக்குப் போய்ச் சேர, முதலில் நம்பி வாய் திறக்க ஒருத்தர் வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் நீ அப்படி ஒருத்தியாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ பொறுப்பாளர், நாளைக்கு அறிக்கை எழுதப் போகிறவள். அவர்கள் உன்னிடம் பயப்படுவார்கள். அதனால் உன்னைத் தவிர இன்னொருத்தரும் வேண்டும்.

அந்த மூவரில் இருவர் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் தொண்டையைச் செருமாமல் திரும்பிப் போய்விடு. அழைத்தல் இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தனிமையில் நசுங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு, தான் கடவுளை விட்டு ஓட நினைக்கிறதா, அந்தத் தனிமையை விட்டு ஓட நினைக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவே தெரியாது. எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் வந்தது சரிதான், என் பிள்ளைகளைப் பார்த்தால் சரிதான் என்றே தோன்றுகிறது. ஆனால் நான் தெளிந்த மனசோடு முடிவெடுத்து வரவில்லை, மூச்சு முட்டி வந்தேன். அந்தப் பிள்ளை போவதானாலும் இருப்பதானாலும் மூச்சு முட்டாமல் முடிவெடுக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மக்ரூன் ஒரு கிலோ, நொறுங்காமல் வந்தால் சரி. கொஞ்சம் கருப்பட்டியும் இருக்கிறது, அது உனக்கு. காலாண்டு விடுமுறையில் வரலாமா என்று எழுது. ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்தப் பிள்ளையின் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. பெயர் என்ன?

அன்புடன்,
ஜெயா