நாலு நம்பர் சட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. நான் நலம். ஊசியில் நூல் கோக்கத்தான் இப்போதெல்லாம் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.

படத்தில் ஒரு கதாபாத்திரம் மாறிவிட்டதைக் காட்ட உடையை மாற்றினால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. நல்லவன் கெட்டுப்போனதும் கறுப்புச் சட்டை மாட்டிவிடுவது சோம்பேறித்தனம். இயக்குநர் ஹிட்ச்காக்கே 'சைக்கோ' படத்தில் (1960) அதைச் செய்தார்தான்: பணத்தை எடுக்கும் முன் நாயகிக்கு வெள்ளை உள்ளாடை, எடுத்தபின் கறுப்பு. ஆனால் கட்டிலில் கிடக்கும் பணக்கவரின் மேலேயே நம் கண் இருக்கும். நிறம் மாறியது சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

'காந்தி' படத்தை (1982) எடுத்துக்கொள். கோட்டும் டையுமாக ரயிலிலிருந்து தள்ளப்பட்டவர், கடைசியில் வேட்டியும் துண்டுமாக நிற்பார். துணி குறையக் குறைய ஆள் பெரிதாகிக்கொண்டே போவார். அந்தப் படத்தின் உடை வடிவமைப்புக்குத்தான் ஜான் மோலோவோடு சேர்ந்து பானு அத்தையா ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் உடை தைக்கும் இப்போதைய படத்தில் நாயகன் கொஞ்சம் கொஞ்சமாக நொடிந்துபோகிறான். கடைசிக் காட்சியை முதலில் எடுக்கிறார்கள் என்பதால் ஒரே துணியில் நாலு சட்டை தைத்து, காலருக்குள் நம்பர் போட்டு வைத்தேன். ஒன்று புதுசு. இரண்டில் காலர் மடிப்பை உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்றைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தேன். நாலில் முழங்கை நைந்திருக்கும்; ஒரு பொத்தானை மட்டும் கறுப்பு நூலால் கோணலாகத் தைத்தேன், தைத்துக்கொடுக்க வீட்டில் ஆளில்லாதவன் அவன். வசனத்தில் அது வராது.

படப்பிடிப்புக்கு முந்தின நாள், அழுக்காய் இருக்கிறதே என்று ஒரு புண்ணியவான் நாலாம் நம்பரைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டார்! ராத்திரி முழுக்கத் தேய்த்தேன். இயக்குநர் பார்த்துவிட்டு, "செய்த பழசு மாதிரி இருக்கே" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அப்புறம் நடிகரே அதைப் போட்டுக்கொண்டு மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தார். முதுகில் விழுந்த சுருக்கத்தை என் கையால் செய்திருக்கவே முடியாது.

உன்னிடம் ஒரு பழைய நீலச் சட்டை உண்டே, பையோரம் பேனா மை கசிந்தது? எறிந்துவிடாதே. துவைக்காமல் அப்படியே அனுப்பு. அந்தக் கறை எனக்கு இன்னும் கைவரவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்