பாதிக் கடையிலிருந்து

நாகர்கோவில்,
வெள்ளிக்கிழமை ராத்திரி.

மக்கா செல்வா,

ஆறு மாசமாக எழுதவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. சின்னவள் பி.காம். சேர்ந்துவிட்டாள். கணக்கு சாரை வடசேரியில் பார்த்தேன். அவர் வாட்ச் இப்போதும் பத்து நிமிஷம் முந்தித்தான்.

நம் வாட்ச் ரிப்பேர் கடையில் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டேன்டே. வாசல் முழுக்கச் செல்போன் கவர் தொங்குகிறது. நான் சுவரோரம், அப்பாவின் மேஜையோடு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாட்சில் செல், அதாவது பேட்டரி, மாற்றுவதுதான் வேலை. போன வாரம் ஒரு பையன் ஸ்மார்ட் வாட்சை நீட்டி, "அண்ணா, சார்ஜ் நிக்கல" என்றான். பின்பக்கம் ஒரு திருகு கிடையாது, எல்லாம் பசை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"செல்லில் ஓடுவதெல்லாம் வாட்சா?" என்று அப்பா கேட்பாரே, அதையேதான் சுவிஸ்காரனும் கேட்டிருப்பான். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சை இறக்கியது. பத்துப் பதினைந்து வருஷத்தில் சுவிஸ் வாட்ச் தொழிலில் பாதிக்கு மேல் வேலை போயிற்று. பிறகு 1983-இல் அவர்களே பிளாஸ்டிக்கில் ஸ்வாட்ச் செய்தார்கள். மொத்தம் 51 பாகம், பெட்டியைத் திறக்கவே முடியாது. நம் பிழைப்பில் அன்றைக்கே மண்! அதை விற்றுக்கொண்டே மறுபக்கம் விலை கூடிய ஒமேகா வாட்சைப் பெருமைக்காக விற்றார்கள்.

இங்கேயும் அதுதான். குவார்ட்ஸ் நம் அரசு கம்பெனி எச்.எம்.டி.யிடமும் இருந்தது, ஆனால் மனசு சாவி கொடுத்து ஓடும் வாட்சிலேயே கிடந்தது. 1984-இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸைச் செய்து, நல்ல கடை போட்டு, கல்யாணப் பரிசாக விற்றது. மணி பார்க்க இல்லை, கையில் போட்டுக் காட்ட. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட அரசே முடிவெடுத்தது. அன்றைக்கு அப்பா இல்லாதது நல்லது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான். கையில் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா, சாவி வாட்ச். டயல் பழுத்து மஞ்சளாகியிருந்தது. "டயலைத் தொடாதீங்கண்ணா, ஓடினா போதும்" என்றான். ஐகிளாஸைக் கண்ணில் வைத்துத் திறந்தேன். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். கழுவிப் பூட்டியதும் தட்டத் தொடங்கியது. எண்ணூறு ரூபாய் கேட்டேன், பேரம் பேசாமல் கொடுத்தான்!

சாவி வாட்ச் மட்டும் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். வீட்டுக்காரி சிரிக்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

உன் அப்பாவின் வாட்ச் பீரோவில்தானே கிடக்கிறது? மஸ்கட்டிலிருந்து வரும்போது எடுத்து வா. நீயாகப் பின்மூடியைத் திறக்காதே, எட்டாம் வகுப்பில் செய்தது போதும்.

உன்,
ராஜன்