பேர்கன் மச்சானுக்கு, கல்லடியிலிருந்து

கல்லடி, மட்டக்களப்பு
தை 20

அன்புள்ள மச்சான்,

அப்பாவின் 31ஆம் நாள் கிரியை முடிந்த அன்று உன்னோடு பேசியதுதான். அதன் பிறகு ஐந்து மாதமாக ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். புரட்டாதியில் நீ எழுதிய கடிதம் என் மேசையிலேயே கிடக்கிறது. கோபம் இருந்தால் தங்கச்சியிடம் சொல்லித் தீர்த்துக்கொள். இந்தக் கடிதத்தை மட்டும் முழுதாக வாசி. இங்கு எல்லோரும் சுகம். வாவி நீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. வயல் வட்டைக்குள் தண்ணீர் நிற்கிறதென்று நிலக்காரப் போடியாரின் மகன் நாள்தோறும் வந்து முறையிடுகிறான்.

நோர்வேயில் ஒரு குளிர்காலம் முழங்கால் வரை பனி, அடுத்ததில் வெறும் மழை, கடலோ அதே கடல். காலநிலை படிக்கும் மருமகளின் கணினி இதை ஏன் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று கேட்டிருந்தாய். உன் மருமகள், என் மகள் அகிலா, மார்கழி விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் நின்றாள். அந்த ஒரு மாதமும் நானும் அவளும் இதைத்தான் பேசினோம். அவள் போய்விட்டாள், பேச்சு மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் விடியற்காலை அவளோடு பாலத்தடிக்குப் போனேன். வாடைக்காற்று காதை அடைத்தது. ஒரு தோணிக்காரர் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார். குளிரவில்லையா என்று கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள நிண்டாத்தான் சூடு, கரைக்கு வந்தாத்தான் குளிர்" என்றார். காலை வைத்துப் பார்த்தேன், வாவி வெதுவெதுவென்றிருந்தது. நாம் சிறுவயதில் எத்தனை தடவை அந்த நீரில் இறங்கியிருப்போம், ஒருநாளும் இதை யோசித்ததில்லை. கடலின் மேற்பரப்பில் மூன்று மீற்றர் ஆழத்துக்குள் உள்ள நீர் மட்டும், மேலே உள்ள முழு வளிமண்டலமும் கொள்ளும் அளவு வெப்பத்தைத் தன்னுள் கொள்ளும் என்று அகிலா அங்கேதான் சொன்னாள். காற்று ஒரு கிழமையில் மறந்துவிடுவதைக் கடல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது அதனால்தான்.

உன் ஊர்க் குளிர்காலத்தின் பிடி இரண்டு இடங்களில் இருக்கிறது: ஐஸ்லாந்துக்கு அருகே உள்ள தாழமுக்கம், அசோரஸ் தீவுகளுக்கு அருகே உள்ள உயரமுக்கம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கூடினால் மேற்குக் காற்று பலமாக வீசி, அத்திலாந்திக்கின் இளஞ்சூட்டையும் மழையையும் பேர்கனுக்குக் கொண்டுவரும். வேறுபாடு குறைந்தால் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து குளிர் இறங்கும். 2010 தையில் குழாய் உறைந்துவிட்டதென்று நீ எழுதினாயே, அந்தக் குளிர்காலத்தில் இந்த வேறுபாடு பதிவுகளில் அரிதாகவே கண்ட அளவுக்குச் சுருங்கியிருந்தது. இப்படிக் கூடிக் குறைவதற்கு வட அத்திலாந்திக் ஊசல் என்று பெயர் வைத்த கில்பேட் வாக்கர் இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராக இருந்து பருவமழையை முன்கூட்டி அறிய வழி தேடியவர். நம் பக்கத்து மழையைத் தேடிப் போனவர் உன் பக்கத்துக் குளிரையும் கண்டுகொண்டார்.

அத்திலாந்திக்கின் வடபாதி சில பத்தாண்டுகள் சற்றுச் சூடாகவும், பிறகு சில பத்தாண்டுகள் சற்றுக் குளிர்ந்தும் இருந்து வந்திருக்கிறது. 1930களிலிருந்து 1960கள் வரை சூடு, அதன்பின் 1990களின் நடுப்பகுதி வரை குளிர், பிறகு மறுபடியும் சூடு. ஒரு சுற்று முடிய 60, 70 ஆண்டுகள் ஆகும். வேறுபாடோ ஒரு பாகை செல்சியஸில் சில பத்தில் ஒரு பங்குதான். (இடையில் வந்த குளிர்ச்சியில் தொழிற்சாலைப் புகைக்கும் பங்குண்டு என்பார் இருக்கிறார்கள்; அந்த வழக்கு முடியவில்லை.) இவ்வளவு சிறிய சூடு மேலே உள்ள காற்றின் போக்கைத் திருப்புமா? உன் பேர்கனில் இளமையில் வேலை செய்த யாக்கோப் பியேர்க்னஸ் 1964 இல் ஒரு விடை சொன்னார். ஆண்டுக்கு ஆண்டு வரும் மாற்றத்தில் காற்று முந்தும், கடல் பிந்தும். பத்தாண்டுக் கணக்கில் வரும் மாற்றத்தில் கடல் முந்தும், காற்று பிந்தும். 2013 இல் பழைய கப்பல் பதிவுகளைத் திரட்டி வெப்பம் எப்பக்கம் பாய்ந்தது என்று கணக்கிட்டவர்கள், பத்தாண்டுக்கு மேற்பட்ட மாற்றங்களில் கடலே கொடுக்கிறது, காற்று வாங்குகிறது என்று கண்டார்கள். அந்த மனிதரின் சொல் நிற்கிறது, மச்சான்.

ஆனால் இதைக் கணினியிலும் காட்டியாக வேண்டும், சிக்கல் அங்கேதான். அகிலாவின் கூட்டத்தார் கணினிக்குள் ஒரு பூமியை ஓடவிட்டு (மாதிரியுரு என்பது இதைத்தான்), அதன் வட அத்திலாந்திக்கை மட்டும் சற்றுச் சூடாகப் பிடித்து வைப்பார்கள். பிறகு அதே பூமியில் சற்றுக் குளிராகப் பிடித்து வைப்பார்கள். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு வைத்து ஒவ்வொன்றையும் 25 தடவை ஓட்டுவார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். கலைந்த நூற்பந்து போல, ஓட்டத்துக்கு ஒன்றாக 25 சாம்பல் நிறக் கோடுகள். ஒன்று மேலே பாய்கிறது, ஒன்று கீழே விழுகிறது. அவற்றின் நடுவே சராசரியைக் காட்டும் ஒரு கறுப்புக் கோடு, அசைகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். கடல் சூடானால் அந்த அமுக்க வேறுபாடு குறையும் பக்கம்தான் பெரும்பாலும் சாய்கிறது. ஆனால் ஒரு மாதிரியுருவுக்கும் இன்னொன்றுக்கும் பொருத்தமில்லை, சாய்வும் மிகச் சிறிது. வளிமண்டலத்தின் மேலடுக்கைச் செம்மையாக எழுதிய சில மாதிரியுருக்களில் பதில் சற்றுத் தெளிவாக வருகிறதாம்.

நான் அப்பாவின் கொப்பிகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். 1978 கார்த்திகைச் சூறாவளிக்குப் பிறகு ஒருநாளும் விடாமல் மழையையும் காற்றின் திசையையும் அப்பா எழுதிவந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையிலும் "வானம் மூட்டம்" என்று எழுதியிருக்கிறார். அகிலா வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இது ஒரே ஒரு கோடு" என்றாள். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. 45 மாரிகளுக்கு மேல் ஒரு மனிதர் விடாமல் எழுதியும், அத்திலாந்திக்கின் ஒரு சுற்று அதற்குள் அடங்கவில்லை. அடங்கினாலும், அந்த மாரிகள் அப்படி வந்தது கடலாலா தற்செயலாலா என்று பிரித்துச் சொல்ல இதுபோல் இன்னும் 24 கொப்பித் தொகுதிகள் வேண்டும். அவை நடக்காத மாரிகளின் கொப்பிகள்; எந்த ஊரிலும் எவரும் எழுதியிருக்க முடியாது. கணினி இல்லாமல் இதற்கு வழியில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது இன்னும் விசித்திரம். ஓட்டங்களின் சராசரியைக் கொண்டு அதே மாதிரியுருவின் தனி ஓட்டம் ஒன்றைச் சொல்லப் பார்த்தால் சரிவருவதில்லை. உண்மையாக நடந்த குளிர்காலத்தைச் சொல்லப் பார்த்தால் அதைவிட நன்றாக வருகிறது. அதாவது கடலின் குரல் மாதிரியுருவுக்குள் சரியான திசையிலேயே கேட்கிறது, ஆனால் இருக்க வேண்டியதைவிட மெலிதாகக் கேட்கிறது. இரைச்சல் அதை மூடிவிடுகிறது. 2020 இல் 169 ஓட்டங்களை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்து, அந்த மெலிந்த சாய்வைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த அமுக்க வேறுபாட்டின் பல பத்தாண்டு ஏற்ற இறக்கம் உண்மையாக நடந்ததோடு எதிர்பாராத அளவுக்குப் பொருந்தியது. குரல் ஏன் மெலிகிறது என்பதற்கு உறுதியான காரணம் இன்னும் அகப்படவில்லை. அகிலாவின் கவலையும் இதுதான்: கறுப்புக் கோடு தட்டையாக இருக்கிறதென்று பார்த்துவிட்டு, கடலுக்குக் குளிர்காலத்தில் பங்கில்லை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கும் அதே கவலை தொற்றிக்கொண்டது.

நம் மாரியை எண்ணித்தான். பசுபிக் கடலின் நடுப்பகுதி சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் தை மழை கூடுவதும் இங்குள்ள பொதுவான போக்கு. 2011 தை வெள்ளமும் பலமான லா நினாவின்போதே வந்தது. இது ஓராண்டு ஈராண்டுக் கணக்கு. இந்து சமுத்திரத்தின் வெப்பமண்டல மேற்பரப்போ 1951க்கும் 2015க்கும் இடையில் ஏறக்குறைய ஒரு பாகை சூடாகியிருக்கிறது. அது வாடைக்காற்றை என்ன செய்கிறது என்று கேட்டு, உன் பக்கத்துக் கடலுக்குச் செய்ததைப் போல நூற்றுக்கணக்கான ஓட்டங்களை நம் கடலுக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாரி வெள்ளாமையை எப்போது விதைப்பது என்று போடியார் வீட்டில் ஒவ்வொரு ஆவணியிலும் நடக்கும் சண்டை உனக்குத் தெரியாததல்ல. படிப்பு முடிந்ததும் அந்த வேலையைத்தான் எடுக்கப் போவதாக அகிலா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

தங்கச்சி பல்கனியில் பனியை அடிமட்டத்தால் அளந்து குறித்து வைப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அந்தக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பு. திகதி தெளிவாகத் தெரிய வேண்டும். அப்பாவின் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று மருமகள் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்