வண்டி வாங்கும் முன் ஒரு மாதம் பக்கத்து சீட்டில் உட்காரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. 'பார்சல் டெலிவரிக்கு ஆள் தேவை, சொந்த வண்டி வைத்திருப்போருக்கு முன்னுரிமை.' போன வாரம் அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் என்னிடம் வந்தான். அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை எடுத்துவிடலாம், மிச்சத்துக்கு மாதம் மாதம் டியூ கட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடித்தே விட்டார்கள். "நீங்க என்னண்ணா சொல்றீங்க?" என்றான். கோத்தகிரியில் ஏழு வருடமாக நான் பார்ப்பது இந்த வேலைதான்.

முதலில் அவன் வயதைக் கேட்டேன். 19. வாடகைக்கு ஓடும் வண்டியை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது. வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் பேட்ஜ் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயம் தேவையில்லை, கார் லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக, மாமாவிடம் சும்மா நிற்கும், சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாங்கி ஓட்டலாமா என்றால் கூடாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த போர்டைத்தான்.

சரி, காகித வேலையெல்லாம் ஒரு பக்கம். நான் சொல்ல வந்தது வேறு. பார்சல் வேலைக்குப் போட்டிருக்கும் கணக்கு எல்லாம் சமவெளிக் கணக்கு. ஒரு பார்சலுக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று பேசும்போது திருப்பூரில் ஒரே தெருவில் இருபது கதவு தட்டுகிறவனையும், ஒரு ஹட்டிக்கும், அதாவது படுகர் ஊருக்கும், அடுத்த ஹட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிற என்னையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். போனில் மேப் 3 கிலோமீட்டர் என்று காட்டும், அது தேயிலைக்கு நடுவே கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் ஒற்றையடிப் பாதை. வண்டி சுற்றிக்கொண்டு 11 கிலோமீட்டர் போக வேண்டும். விலாசத்தில் 643217 என்று பின்கோடு மட்டும் பளிச்சென்று இருக்கும், கதவு எண் இருக்காது. ஒரே ஹட்டியில் போஜன் என்ற பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நாலு பேரும் அன்றைக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பாட்டிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் கம்பளி அனுப்பியிருந்தான். ஓடிபி பேரன் போனுக்குப் போகும், லைனில் டவர் இல்லை. பார்சலைப் பாட்டி மடியில் வைத்துவிட்டு, மேலே டேங்க் இருக்கும் மேடுவரை ஏறி, ஒரு புள்ளி சிக்னல் கிடைத்து, அவனைக் கூப்பிட்டால் மிஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டது. இறங்கி வருவதற்குள் பாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் போட்டு வைத்திருந்தார். மொத்தம் நாற்பது நிமிடம், ஒரு பார்சல். குடிக்காமல் வர முடியுமா சொல்லுங்கள்.

இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பதையும், இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்தால் லைனர் கருகும் வாடை மூக்கில் ஏறும்போது பாதி தாமதமாகிவிட்டது என்பதையும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதையும், குறுகலான இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் நின்று வழிவிட வேண்டும் என்பதையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும். காட்டுமாடு ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் அது போகும்வரை இருக்க வேண்டும், அன்றைக்கு டார்கெட் போனால் போகட்டும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு என்று பையன்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். லோடு ஏற்றிய வண்டிக்கு நாலு வளைவே போதும், கிளட்ச் பிளேட் கதை சொல்லும்.

அப்புறம் மழை. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமாக அடிக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ லோடு வண்டி மேலே வராது. லோடு இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. டியூ தேதிக்கு மழை தெரியாது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் இரண்டே மழைக்காலத்தில் வண்டியைப் பைனான்ஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது வேறொருவர் வண்டிக்கு டிரைவராக இருக்கிறார். நல்ல ஓட்டுநர். அவசரப்பட்டு வாங்கியதுதான் தப்பு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆப் மூலம் டெலிவரி போன்ற வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நல வாரியம் அமைத்தார்கள், 2025 பட்ஜெட்டில் அதில் பதிந்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். மேட்டில் சார்ஜ் எப்படிக் கரையும் என்பது தனிக் கதை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் நடைமுறைக்கு வந்துவிட்டது, கம்பெனிகள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நம் போன்றவர்களுக்கான நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் பதிவு செய்துகொண்டவனுக்குத்தான் அதெல்லாம். வாரியப் பதிவுக்குக் கோத்தகிரியிலும் பந்தலூரிலும் ஒரு முகாம் போட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாங்கள் ஊட்டிக்கு ஏற வேண்டியிருக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது, லோடு வராத நாளுக்குச் சம்பளம் உண்டா, டீசல் யார் தலையில் என்ற இரண்டையும் ஒரு வரியில் போடச் சொல்லுங்கள்.

பையன் நகையை இன்னும் அடகு வைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதம் என் வண்டியில் ஹெல்பராக வருகிறான். காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டரோடும் டார்ச்சோடும் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்சல் வண்டி ஓட்டுநர்,
கோத்தகிரி