எஃப் என்று போட்டிருந்தால் வாங்காதே

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் செய்தி வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த செய்தி, அதுவும் ஒரே வரி. "அம்மா, வீட்டில் ஒரு டெஸ்க்டாப் போடணும், விலை குறைவா நல்ல ப்ராசஸர் எது, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வேண்டாம்." செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அனுப்பியிருக்கிறாய். அந்த நேரத்தில் உனக்கு மீட்டிங் இருக்கும் என்று நான் கூப்பிடுவதே இல்லை. சரி, அதை விடு.

போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய். எடுத்தால்தானே சொல்வதற்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த ப்ராசஸர் வாங்கலாம் என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்கு? பள்ளிக்கூடக் கணினி லேபில் இருந்த 22 வருடமும் அதைக் கேட்காமல் நான் பதில் சொன்னதில்லை. உன்னிடம் கேட்கவில்லை. ஆனால் அது நாள் முழுக்க ஓடப்போகிற கணினியா, இல்லை ராத்திரி ஒரு மணி நேரம் பாப்பாவுக்குப் பாடம் போட்டுக் காட்டவா என்று தெரிந்தால் நல்லது. ப்ராசஸருக்காகத்தான் சொல்கிறேன்.

நாள் முழுக்க என்றே வைத்துக்கொள்கிறேன். எக்செல், உன் கணக்கு சாஃப்ட்வேர், பிரவுசரில் இருபது டேப், நடுவில் வீடியோ கால். இதற்கு இன்டெல் கோர் ஐ3-12100 தாராளமாகப் போதும். 2022இல் வந்தது. நான்கு கோர், அதாவது வேலை செய்யும் மூளைகள்; எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையைக் கையில் எடுக்கும். ஐ3 என்றதும் முகத்தைச் சுளிக்காதே. பரணில் கிடக்கிற நம் பழைய பெட்டியில் இருப்பது ஐ5-7400. அதற்கும் நான்கு கோர்தான், த்ரெட்டும் நான்கே. பெயரில் பெரியது, வேலையில் இந்த ஐ3 அதை எளிதாக முந்திவிடும். ஐ3, ஐ5 என்பது அந்தந்த வருடத்து வரிசைக்குள் இருக்கிற பட்டம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது பின்னால் வரும் எண்ணை. 7400இல் 7, 12100இல் 12. அது தலைமுறை. கிகாஹெர்ட்ஸ், அதாவது வேகம், எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட அது உதவும், வேறு வேறு தலைமுறையை அதை வைத்து எடை போட முடியாது.

அந்தப் பரண் பெட்டியையே அனுப்பிவிடலாமே என்றுதான் அப்பா முதலில் சொன்னார். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி போட வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஒரு தலைமுறையில் தவறிப்போனது. நீ மற்றவர்களின் கணக்கைத் தொடுகிறவன், பாதுகாப்பு அப்டேட் வராத பெட்டியில் உட்காரக் கூடாது.

கவனமாகக் கேள். 12100 என்று ஒன்று இருக்கும், பக்கத்திலேயே 12100எஃப் என்று ஒன்று இருக்கும். எஃப் போட்டதில் உள்ளே கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, கிடையாது. தனியாகக் கார்டு போடாமல் அதை மாட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கும், கை அங்கே போகும். எஃப் என்று போட்டிருந்தால் வாங்காதே.

இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் போனால் கதை தலைகீழ். ரைசன் 5 5600ஜி என்பதில் படம் வரும். வெறும் 5600, 5500 இரண்டிலும் வராது. அங்கே ஜி இருந்தால் உண்டு, இங்கே எஃப் இருந்தால் இல்லை. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் வீட்டில் குழந்தைகளை எப்படிக் கூப்பிடுகிறார்களோ. 5600ஜி நல்ல ப்ராசஸர், குறை சொல்ல மாட்டேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பாப்பா கொஞ்சம் கேம் விளையாடுவாள் என்றால் ஐ3இன் கிராபிக்ஸைவிட அதில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகமான ராமைத்தான் தனக்கும் எடுத்துக்கொள்ளும், அதனால் வேகமான ராமாக இரண்டு குச்சி போட்டால்தான் அதற்கு முழு பலம். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு.

ஏஎம்டியில் ஏஎம்5 என்று புது சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் இடம், 2022இல் வந்தது. அதில் டிடிஆர்5 என்கிற புது வகை ராம் மட்டும்தான் போட முடியும். பின்னால் பெரிய ப்ராசஸராக மாற்றிக்கொள்ள வழி உண்டு. கையில் தாராளமாக இருக்கும்போது யோசிக்க வேண்டியது அது. உன் கையில் இல்லை என்று நான் சொல்லவில்லை.

தேவியிடம் பேசினேன். "நல்லா இருக்கோம் அத்தை" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் அப்படிப் பேசுகிற பெண் இல்லை. ஆபீஸ் லேப்டாப்பை நீ பாப்பாவைத் தொடக்கூட விடமாட்டாய், நான் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்ததற்கே என்னிடம் சத்தம் போட்டாய். அது இருக்கும்போது

சரி. ஐ3-12100, அதைத்தான் சொல்கிறேன், ஒரு காரணத்தோடு. அதற்கான மதர்போர்டுகளில் பழைய வகை ராமான டிடிஆர்4 போடுவதும் உண்டு, டிடிஆர்5 போடுவதும் உண்டு. நீ எச்610 போர்டு, டிடிஆர்4 என்று பார்த்து வாங்கு. பரண் பெட்டியில் இரண்டு 8 ஜிபி குச்சி இருக்கிறது, டிடிஆர்4. அனுப்பிவைக்கிறேன். பழைய வேகத்தில்தான் ஓடும், உன் வேலைக்கு வித்தியாசம் தெரியாது. டிடிஆர்5 போர்டில் அது நுழையவே நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அமுக்கிப் பார்க்காதே. ராமில் மிச்சமான காசை எஸ்எஸ்டியில் போடு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு அது. இந்த மாதிரி வேலைக்குக் கணினி மந்தமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ப்ராசஸரில் இல்லை, பழைய ஹார்டு டிஸ்க்கில்தான். கம்பெனி அட்டைப்பெட்டியோடு வரும் ப்ராசஸராக வாங்கு, அதில் ஃபேனும் இருக்கும். ட்ரே என்று தனியாகத் தருவதில் இருக்காது. அட்டைப்பெட்டியின் மேல் எஃப் இருக்கிறதா என்று பில் போடும் முன்பு இன்னொரு முறை பார்.

மாட்டுவதற்கு ஆளைக் கூப்பிடாதே, நீயே மாட்டு. ப்ராசஸரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும், இரண்டையும் ஒரே பக்கம் வைத்து மெதுவாக விடு. அமுக்க வேண்டாம், தன் எடையில் உட்காரும். இப்போது ஊசிகளெல்லாம் போர்டில்தான், 1700 ஊசி, விரல் நுனிகூடப் படக் கூடாது. நெம்புகோலை இறக்கும்போது கறகறவென்று ஒரு சத்தம் வரும், பயப்படாதே, அது அப்படித்தான். மேலே இருக்கிற பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். ஃபேனுக்கு அடியில் பேஸ்ட் தடவியே இருக்கும், நீ வேறு பூசாதே. நான்கு முளையையும் எதிரெதிர் மூலையாக அமுக்கு, டக் என்று கேட்க வேண்டும். ஃபேன் வயரைப் போர்டில் சொருக மறந்துவிடாதே.

நீ மாட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நீ ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் ரேடியோ, கடிகாரம், என் டார்ச் லைட், எதுவும் உன்னிடம் தப்பாது. நீ கணக்குப் படிப்பை எடுத்தபோது எல்லாரும் பெருமைப்பட்டார்கள், நானும்தான். நீ சேர்த்து எழுதும் பாலன்ஸ் ஷீட்டில் ஒரு பைசா இடிக்காது என்று இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் நீ ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த டூரானை நீ கெடுக்கவில்லை, குமரா. நான்தான்.

ஏஎம்டி டூரான், 700 மெகாஹெர்ட்ஸ். 2001இல் என் வற்புறுத்தலில் கடன் வாங்கி வாங்கியது. ஏஎம்டியின் விலை கூடிய அத்லானை வாங்க முடியாதவர்களுக்கு ஏஎம்டி விட்ட ப்ராசஸர், உள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்2 கேஷ் 64 கேபிதான், ஆனாலும் அந்த விலைக்கு அது ராஜா. அப்போது ப்ராசஸருக்கு மேலே உலோக மூடி கிடையாது. நடுவில் நகம் அளவுக்கு நீலமும் சாம்பலுமாகச் சிலிக்கான் அப்படியே தெரியும், நான்கு பக்கமும் ரப்பர் பொட்டு இருக்கும். ஃபேனை ஒரு ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும், அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தித்தான் மாட்ட வேண்டும். ஃபேன் சத்தம் போடுகிறது, தூசி தட்டலாம் என்று நீ பள்ளிக்கூடம் போனபின் திறந்தேன். திரும்ப மாட்டும்போது கிளிப் இறுக்கமாக இருந்தது, சாய்த்து அழுத்தினேன். நறுக்கென்று ஒரு சத்தம். உப்புக்கல் உடைகிற மாதிரி. எடுத்துப் பார்த்தால் ஒரு மூலை இல்லை. எப்படியோ மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாக இருந்தது. அணைத்துவிட்டுத் துணி உறையைப் போட்டு மூடினேன்.

சாயங்காலம் நீ வந்து போட்டுப் பார்த்தாய். கையில் அந்த கேம் சிடி. அப்பா வந்தார். மற்றது உனக்குத் தெரியும். "நான் ஒண்ணும் பண்ணல" என்று நீ எத்தனை தரம் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். நான் அடுப்படி வாசலில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கணினிக்குப் பொறுப்பாக இருக்கிறவள், வீட்டில் ஒன்றை உடைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடி நின்ற பிறகு சொல்லி என்ன என்று அடுத்த நாள் நினைத்தேன். அப்புறம் நீ எதையும் என்னிடம் சொல்வதில்லை. பரீட்சையில் ஒரு பாடம் போனதைக்கூட அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஏணியைப் போட்டுப் பரணில் நிற்கிறார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ராம் குச்சி இரண்டையும் அவரே கழற்றித் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் திட்டியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த டூரானை நான் தூக்கிப் போடவில்லை. பட்டன் டப்பாவுக்குள் இத்தனை வருடமாக இருக்கிறது. ராமோடு அதையும் வைத்திருக்கிறேன், மூலையைப் பார். பாப்பாவிடம் கொடுக்காதே, ஊசி கையில் குத்தும்.

கூரியரில் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்களாம். பகலில் நீ வீட்டில் இருப்பாயா, இல்லை சாயங்காலமாகக் கொண்டுவரச் சொல்லட்டுமா? அதை மட்டும் சொல்.

அம்மா