கங்காணி யார் வீட்டுச் சொல்?

ஆசிரியருக்கு,

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில், "பெரிய கங்காணி மாதிரி பேசாதே" என்று ஒரு பொடியன் மற்றவனை ஏசினான். தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் 'கங்காணி', வெள்ளைக்காரன் கொண்டுவந்த சொல் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. கண், காண் இரண்டும் சேர்ந்த 'கண்காணி'தான் வாயில் உருண்டு கங்காணியானது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மேற்பார்வை பார்ப்பவருக்கு இந்தப் பெயர் உண்டு. அறுவடைக் களத்தில் நெல் களவு போகாமல் பார்ப்பதும் கண்காணம்தான்.

இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டி வந்தவர்களோடு அது கடல் தாண்டியது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஏறிக்கொண்டது. நெல்லைப் பார்த்த கண் ஆளைப் பார்க்கத் தொடங்கியதும் சொல் கசந்துவிட்டது. ஆள் கணக்குக்குக் கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசு, தொழிலாளி மேல் ஏறிய கடன், அந்தக் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவோம் என்ற துண்டுச் சீட்டு என்று எத்தனை பிடி! துண்டு முறை 1921இல் ஒழிந்தது, கசப்பு ஒழியவில்லை.

மழைக்குத் தலையில் சாக்கை மடித்துப் போட்டபடி என் அம்மாயி சொல்வார்: "மழைக்குக் கொங்காணி இருக்கு, கங்காணிக்கு என்ன இருக்கு?"

எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இப்போது ஒரு கமரா. அதன் கீழே பலகையில் 'கண்காணிப்பு' என்று, அந்தப் பழைய 'ண்' கெடாமல், எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
ஹட்டன்.