மேலும் கீழும், இடமும் வலமும்

நாகர்கோவில்,
ஞாயிறு, ராத்திரி

மக்ளே,

சர்டிபிகேட் போட்டோ வந்து சேர்ந்தது. அம்மை அதை கலரில் பிரிண்ட் எடுத்து, லாமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிற ஆளிடமெல்லாம் "அஞ்சு நாள் பிராக்டிகல், பரீட்சை, எல்லாம் இங்கிலீஷிலாக்கும்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். கோணம் ஐடிஐயில் ஃபைல் பிடிக்கச் சொன்னாலே முகம் சுளித்த பயல், இன்றைக்கு பம்ப் டெக்னீஷியன் என்று பேருக்குக் கீழே அச்சடித்து வாங்கியிருக்கிறான். கொள்ளாம். அம்மை தேதியைப் படிக்கவில்லை. நான்தான் படித்தேன்.

மூன்று வாரமாகப் போன் இல்லை. ஷிப்ட் மாறியிருக்கும். போனில் நான் ஏதாவது கேட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதுதான் கடுதாசி.

சர்டிபிகேட்டோடு இன்னொரு போட்டோவும் வந்தது. தெரிந்து அனுப்பினாயோ, கை தட்டி வந்ததோ. உன் பிளாண்டில் ஒரு பம்புக்கு, மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து நீ கையெழுத்துப் போட்ட அலைன்மென்ட் ரிப்போர்ட். கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஷாஃப்டையும் சேர்க்கிற கப்ளிங்கின் விளிம்பில் டயல் கேஜ் வைத்து எடுத்த ரிம் ரீடிங், முதல் வரி: மேலே சைபர், வலது 3 கோடு, கீழே 14, இடது 2. ஒரு கோடு என்றால் 0.01 மி.மீ. மேலையும் கீழையும் கூட்டினால் 14. இடத்தையும் வலத்தையும் கூட்டினால் 5. இந்த இரண்டு கூட்டலும் ஒன்றாக வரணும் மக்ளே. ஷாஃப்ட் உயர வாக்கில் விலகியிருந்தால் அந்த விலகல் கீழே முழுசாகவும் இரண்டு பக்கத்திலும் பாதி பாதியாகவும் டயலில் விழும். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஒரு பக்கம் எவ்வளவு கூடுகிறதோ மறுபக்கம் அவ்வளவு குறையும். அதனால் கூட்டுத்தொகை ஒத்துத்தான் வரும். ஒன்றிரண்டு கோடு முன்னே பின்னே இருக்கும். ஒன்பது கோடு இருக்காது.

டயலைப் பிடிக்கிற மேக்னெட்டிக் பேஸ் நழுவியிருக்கலாம். டயலின் தண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கலாம். ஒரு கப்ளிங்கை மட்டும் சுற்றிவிட்டு மற்றதை விட்டிருக்கலாம். இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வரியில் நாலு ரீடிங்கும் சைபர் போட்டிருக்கிறாய். டயல் பிராக்கெட்டை ஒரு கனமான பைப்பில் மாட்டி, மேலே சைபர் வைத்து, பைப்போடு திருப்பிப் பார். கீழே வரும்போது மூணு நாலு கோடு மைனஸ் காட்டும். பிராக்கெட் தன் பாரத்தில் தொய்வதுதான் அது. அதைக் கழித்துத்தான் சைபர் எழுதினாய் என்றால் ரிப்போர்ட்டில் தொய்வு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கணும். தேடிப் பார்த்தேன், காணோம்.

குறை சொல்லவில்லை. உன் சித்தப்பா மகன் அடுத்த மாதம் இதே மாதிரி ஒரு கோர்ஸுக்குப் போகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதி வைக்கிறேன், நீயும் ஒருதடவை வாசித்துவிடு.

முதலில் பூட்டு. பிரேக்கரை இறக்கி, உன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உன் பாக்கெட்டில் வை. சூப்பர்வைசர் பாக்கெட்டில் இல்லை, உன் பாக்கெட்டில். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார், ஓடவில்லை என்று கண்ணால் கண்டால்தான் பூட்டு பூட்டு. டிஸ்சார்ஜ் வால்வு, சக்‌ஷன் வால்வு இரண்டையும் அடைத்து, வென்ட்டையும் டிரெயினையும் திறந்து அழுத்தம் போனதைப் பார். செக் வால்வு கசிந்தால் தண்ணி திரும்பி வந்து, கரன்டே இல்லாமல் பம்ப் பின்னால் சுற்றும். கப்ளிங்கில் கை வைத்திருப்பவனுக்கு அது போதும்.

அடுத்தது கால். மோட்டார் நாலு போல்ட்டும் முறுக்கி இருக்கும்போது ஒவ்வொன்றாகத் தளர்த்து, கால் மேல் டயலை வைத்துப் பார். 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை, அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு வேணும். ஸ்டெயின்லெஸ் ஷிம், மூணு நாலு தகட்டுக்கு மேல் அடுக்காதே. அடுக்கினால் ஸ்பிரிங் மாதிரி ஆகிவிடும், இன்றைக்கு எடுத்த ரீடிங் நாளைக்கு வராது. அதுக்குப் பிறகு பைப். கப்ளிங்கில் டயல் நிற்க, சக்‌ஷன் ஃபிளான்ஜ் போல்ட்டைத் தளர்த்து. முள் 0.05க்கு மேல் நகர்ந்தால் பைப் பம்பை இழுக்கிறது. எத்தனை தடவை அலைன்மென்ட் பண்ணினாலும் அது பைய இழுத்துக் கெடுத்துவிடும். பேரிங் மாற்றி மாற்றிச் சலித்த பம்புகளில் பாதி இப்படித்தான், குற்றவாளி பைப் சப்போர்ட்டாக இருக்கும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் ரீடிங். ரிம் ரீடிங்கில் பாதிதான் உண்மையான விலகல், கீழே 14 என்றால் 0.07 மி.மீ. கப்ளிங்கின் தட்டையான முகத்தில் எடுக்கிற ரீடிங்கைப் பாதியாக்காதே. கப்ளிங் விட்டம் 150, முகத்தில் வித்தியாசம் 0.10, முன்காலுக்கும் பின்காலுக்கும் 600 என்றால், பின்கால் முன்காலை விட 0.40 கூடவோ குறையவோ வேணும். கணக்கு அவ்வளவுதான், 0.10-ஐ 150-ஆல் வகுத்து 600-ஆல் பெருக்கு. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுகிற பம்புக்கு 0.05க்குள் கொண்டுவந்துவிடு, மேனுவலில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் மேனுவல்தான் கணக்கு. சூடான தண்ணி பம்ப் என்றால் இன்னொன்று. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. வளரும். பம்பின் காலிலிருந்து ஷாஃப்ட் 300 மி.மீ. உயரம், 50 டிகிரி சூடேறுகிறது என்றால் 0.18 மேலே போகும். குளிர்ந்திருக்கும்போது அவ்வளவு தாழ்த்தி வைக்கணும். குளிரில் நாலும் சைபர் வைத்தவன் சூட்டில் கோணலாக ஓட்டுகிறான்.

நம்ம வீட்டில் எல்லாரும் சுகம். மழை பெய்து விளையெல்லாம் பச்சை. மட்டிக் குலை இரண்டு வெட்டினோம். அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான். தங்கச்சி மாப்பிள்ளை விஷயம் அடுத்த கடுதாசியில்.

உன் பிளாண்ட் கடல்தண்ணி எடுக்கிறது என்பதால் சக்‌ஷன் பக்கம்தான் உனக்குத் தலைவலி. சொறிமீன் வந்து ஸ்கிரீனில் அப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணிக்குச் சமம். 3 மீட்டர் உறிஞ்சு உயரம், பைப்பில் 1 மீட்டர் உராய்வு, 30 டிகிரி தண்ணிக்கு ஆவி அழுத்தம் 0.4. மீதி 5.9 மீட்டர். பம்ப் கேட்பது 4.5 என்றால் ஓடும். ஸ்டிரெய்னர் அடைத்து உராய்வு 3 ஆனதென்றால் மீதி 3.9. உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி சத்தம் கேட்கும், அது தண்ணியே கொதித்து உடைகிற சத்தம். உள்ளே சுற்றித் தண்ணியைத் தள்ளுகிற இம்பெல்லரின் முகம் கறையான் அரித்த பலகை மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் ஓர்மையில் வை: கேட்லாக்கில் போட்டிருக்கிற அந்த 4.5 பத்திரமான அளவு இல்லை. அந்த இடத்தில் பம்பின் ஹெட், அதாவது தண்ணியைத் தூக்குகிற உயரம், ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்திருக்கும், அதை வைத்துத்தான் அந்த எண்ணையே குறிக்கிறார்கள். அதற்குமேல் கையிருப்பு வேணும். சத்தம் கேட்டால் டிஸ்சார்ஜைக் கொஞ்சம் அடைத்துப் பார். அடங்கினால் ஸ்டிரெய்னரைக் கழற்று. சக்‌ஷன் வால்வை மட்டும் ஒருநாளும் பாதி அடைக்காதே.

சென்ட்ரிஃப்யூகல் என்றாலே டிஸ்சார்ஜை அடைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணணும் என்று கிளாஸில் சொல்லியிருப்பார்கள். சாதாரண பம்புக்குச் சரி. கடலோரம் நிற்கிற செங்குத்து ஆக்சியல் பம்புக்கு, தண்ணியை ஷாஃப்ட் வாக்கிலேயே தள்ளுகிறதற்கு, தலைகீழ்: வால்வு அடைத்திருக்கும்போதுதான் அது அதிக பவர் இழுக்கும், மோட்டார் டிரிப் ஆகும். ரப்பர் பேரிங் உள்ளதற்கு முதலில் தண்ணி விட்டு நனைத்துவிட்டுத்தான் பட்டன். காய்ந்த ரப்பரில் ஷாஃப்ட் சில நொடி சுற்றினாலே போச்சு. மோட்டார் திசையைக் கப்ளிங் சேர்க்கும் முன்னே பார்த்துவிடு. மரைக் கப்ளிங் போட்ட நீள ஷாஃப்ட் தலைகீழாகச் சுற்றினால் தானே கழன்றுகொள்ளும்.

ஷாஃப்ட் ஓரம் தண்ணி கசியாமல் அடைக்கிற மெக்கானிக்கல் சீலின் முகத்தில் விரல் படக்கூடாது என்று உனக்குத் தெரியும். சீல் அறையிலுள்ள காற்றை வென்ட் பண்ணாமல் ஸ்டார்ட் பண்ணினால் முகம் இரண்டும் காய்ந்து ஓடி விரிசல் விடும், அப்புறம் சீல் கம்பெனியைத் திட்டுவார்கள். பிளான் 53ஏ, அதாவது அழுத்தம் ஏற்றின திரவ டேங்க் வைத்த சீல் என்றால் டேங்க் அழுத்தம் சீல் அறையைவிட 1.4 பார் கூட இருக்கிறதா என்று ஒவ்வொரு ரவுண்டிலும் பார். கிரீஸ் கன்னைக் கண்டால் கை அரிக்கும் பிள்ளைகள் உண்டு. 6310 பேரிங்குக்கு வெளி விட்டம் 110, அகலம் 27, இரண்டையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கு, 15 கிராம். அதுக்கு மேல் அடைத்தால் கிரீஸே கடைந்து சூடேறி பேரிங்கைக் கெடுக்கும். பூட்டு போட்டுவிட்டுத்தான் கப்ளிங் கார்டைக் கழற்ற வேணும், முன்னமே சொன்னேன், பரவாயில்லை.

அடுத்து வைப்ரேஷன் பரீட்சை எழுதப்போகிறேன் என்று போன தடவை சொன்னாய். எழுது. ஐ.எஸ்.ஓ. 18436-2 என்பது அதுக்கான தரம், நாலு படி. முதல் படிக்கு 6 மாத அனுபவம், இரண்டாம் படிக்கு 18 மாதம், அதை உன் கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரணும். முதல் படியில் டேட்டா எடுக்கப் பழகு. 1480 சுற்று, 5 வேன் (இதழ்) இம்பெல்லர் என்றால் வைப்ரேஷன் கிராஃபில் 123 ஹெர்ட்ஸில் ஒரு முள் நிற்பது ஏன் என்று உன் வாயால் சொல்லத் தெரிந்த பிறகு இரண்டாம் படி. அமெரிக்காவில் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் என்று 1917-லிருந்து இருக்கிறது, அவர்கள் பம்ப் சிஸ்டத்தை அளந்து கரன்ட் வீணாவதைக் கண்டுபிடிக்கிறவனுக்கு ஒரு சான்று தருகிறார்கள். அதுவும் நல்லது, பின்னால் பார்க்கலாம். அந்தச் சான்றுக்கு வேண்டிய கணக்கு இது: பம்ப் வேகத்தை 80 சதவீதமாக்கினால் தண்ணி 80, ஹெட் 64, பவர் 51 சதவீதம். மேலே தூக்க வேண்டிய உயரம் கூடுதலாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே வராது, அதைப் பிடித்துவைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். எழுது, ஆனால் அவசரப்படாதே. அனுபவம் 18 மாதம் என்றால் 18 மாதம்.

சர்டிபிகேட்டில் மார்ச் 9 முதல் 13 வரை பிராக்டிகல் என்று போட்டிருக்கிறது. 11-ம் தேதி தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு. பந்தல்காலில் குலைவாழை கட்டினது யார் என்று ஊருக்கே தெரியும். அம்மையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னிடமும் சொல்ல எனக்கு வாய் இல்லை, அதுதான் இத்தனை பக்கம் சுற்றி வருகிறேன். பம்ப் ஹவுஸில் நான் ராத்திரி ஷிப்ட் பார்த்த காலத்தில் ஒரு மணிக்கு ஒருதடவை பேரிங் சூடு எழுதணும். முதல் ரவுண்டு போய்ப் பார்த்து 52 என்று எழுதுவேன். மீதி ராத்திரிக்கெல்லாம் நாற்காலியில் இருந்தே 52, 52, 53, 52. அந்த 53 எதுக்குத் தெரியுமா, பார்க்கிறவனுக்கு நிஜமாகத் தெரியணுமே. இரண்டாம் நம்பர் பம்பில் பேரிங் பிடித்து ஷாஃப்ட் நீலமாகிப் போன அன்றைக்கும் புத்தகத்தில் 52தான் இருந்தது. என் புத்தகத்தை யாரும் சந்தேகப்படவில்லை. கிரீஸ் போடவில்லை என்று ஹெல்ப்பரைத்தான் நிறுத்தினார்கள், நீ மாமா மாமா என்று தோளில் ஏறுவாயே, அவரை. அவர் கிரீஸ் போட்டார், எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுக்குப் பிறகு அவர் நம்ம வீட்டுப் படி ஏறாததுக்குக் காரணம் கேட்டுக் கேட்டு அழுதாய், வேலை மாறிப் போய்விட்டார் என்று சொன்னேன்.

உன் ரிப்போர்ட்டில் அந்த நாலு சைபரைப் பார்த்தபோது எனக்கு வந்த வெப்ராளம் அதுதான். கையெழுத்து கூட என் கையெழுத்து மாதிரியே சாய்ந்து கிடக்கிறது.

அந்த பம்பை இன்னொருதடவை நிறுத்தச் சொல்லி, பூட்டு போட்டு, டயலை வைத்து எடு. சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுது. திட்டுவார்கள், திட்டட்டும். உன் கூட நிற்கிற ஹெல்ப்பர் யார், எந்த ஊர்ப் பிள்ளை என்று எனக்கு எழுது.

லீவில் வரும்போது அஞ்சு நாள் ஒதுக்கி வை. விளையில் கிடந்த பழைய 7.5 எச்.பி. பம்பை பேஸ் பிளேட்டோடு ஆள் வைத்துத் தூக்கி வராந்தாவில் போட்டிருக்கிறேன், கப்ளிங்கில் துருவை எடுத்தாச்சு. டயல் கேஜ் இருக்கிறது. 0.05, 0.10, 0.25 ஷிம் கொஞ்சம் வாங்கினேன், 0.50 கிடைக்கவில்லை, அங்கே கிடைத்தால் எட்டு தகடு கொண்டுவா.

அப்பா